‘ஸ்டிஃப்’ கௌரவம் எதற்கு? லாங் அயர்ன் நேராகப் போக ஷாஃப்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2021, ஆகஸ்ட் 7. சனிக்கிழமை காலை. கோல்ஃப் என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று மட்டுமே தெரிந்திருந்த பல வீடுகளிலும் அன்று டி.வி-யில் கோல்ஃப் ஓடியது. காரணம், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். நான்கு நாள்கள், 72 குழிகள் ஆடி முடித்தபோது அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு ஷாட்!

அன்று பலர் கவனித்த இன்னொரு விஷயம் உண்டு. அதிதி நீண்ட தூரம் அடிப்பவர் அல்ல. முதல் ஷாட் முடிந்ததும், மற்றவர்களைவிட அவருடைய பந்து கிரீனுக்கு வெகு தொலைவிலேயே நிற்கும். எதிராளிகள் கைக்கு அடக்கமான ஷார்ட் அயர்னை எடுக்கும்போது, இவர் நீளமான கிளப்பை எடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் அவர் பெரிதும் நம்பியது லாங் அயர்னை அல்ல. ஹைபிரிடையும் ஃபேர்வே வுட்டையும்தான். தன் உடலுக்கும் வேகத்துக்கும் எது ஒத்துவரும் என்று தெரிந்து வைத்திருந்தார். ஒலிம்பிக் வரை அது போதுமானதாக இருந்தது.

வார இறுதியில் ஆடும் நம்மவர்களின் கதை வேறு. பையில் 3 அயர்ன் இருக்கும், 4 அயர்ன் இருக்கும். எடுத்து அடித்தால் பந்து ஒருமுறை வலது பக்கப் புதருக்கு, அடுத்தமுறை இடது பக்கக் குளத்துக்கு. “ஷாஃப்ட்டை மாற்றினால் சரியாகிவிடும்” என்று நண்பர் ஒருவர் சொல்வார். உடனே பல ஆயிரம் ரூபாய் செலவில் புது ஷாஃப்ட் வரும். ஆனால், பந்து அதே புதருக்குத்தான் போகும்.

ஷாஃப்ட்டை மாற்றினால் லாங் அயர்ன் நேராகப் போகுமா? போகும், சரியான காரணத்துக்காக மாற்றினால். அது என்ன காரணம் என்று பார்ப்போம்.

லாங் அயர்ன் ஏன் அடம்பிடிக்கிறது?

கோல்ஃப் பையில் அதிகபட்சம் 14 கிளப்கள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் உலோகத் தட்டு போன்ற தலை உள்ளவை அயர்ன்கள். எண் குறையக் குறைய கம்பின் நீளம் கூடும். தலையின் சாய்வு, அதாவது லாஃப்ட் குறையும். 2, 3, 4 ஆகியவை லாங் அயர்ன். 8, 9 ஆகியவை ஷார்ட் அயர்ன். வழக்கமான ஸ்டீல் செட்டில் 7 அயர்ன் சுமார் 37 அங்குலம், 4 அயர்ன் சுமார் 38.5 அங்குலம், 3 அயர்ன் சுமார் 39 அங்குலம்.

ஒன்றரை அங்குலம் பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். மாங்காய் பறிக்கும் துறட்டியை நினைத்துப் பாருங்கள். குட்டைக் கம்பில் குறி வைத்த காம்பில் கொக்கி சரியாக மாட்டும். கம்பு நீள நீள, கையில் ஏற்படும் சிறு அசைவு நுனியில் பெரிய ஆட்டமாகிவிடும். லாங் அயர்னிலும் அதேதான். நீளம் கூடினால், முகத்தின் நடுவில் பந்தைப் பிடிப்பது கடினமாகிறது.

இரண்டாவது காரணம் லாஃப்ட். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதை, அடிபடும் கணத்தில் கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வீசப்படும் பாதைக்கும் இடையே வித்தியாசம் வந்தால் பந்து வளையும். லாஃப்ட் அதிகமுள்ள 9 அயர்னில் பந்து பின்னோக்கி நன்றாகச் சுழல்வதால், இந்தத் தவறு அதிகம் தெரியாது. லாஃப்ட் குறைந்த 3 அயர்னில் அதே அளவு தவறு பந்தை அதிகமாக வளைத்துவிடும். 9 அயர்னில் ‘கொஞ்சம் வலது’ என்பது 3 அயர்னில் ‘பந்தைக் காணோம்’ ஆகிறது.

மூன்றாவது, வேகம். லாஃப்ட் குறைந்த கிளப்பில் பந்து உயரே எழும்ப வேண்டுமானால், கிளப் தலை வேகமாக வர வேண்டும். டிராக்மேன் கருவி வெளியிட்டு, நீண்ட காலமாகப் பலரும் எடுத்துக்காட்டும் சராசரியின்படி, அமெரிக்க பி.ஜி.ஏ டூர் வீரர்களின் 7 அயர்ன் வேகம் மணிக்கு சுமார் 90 மைல். எல்.பி.ஜி.ஏ வீராங்கனைகளுக்கு சுமார் 76 மைல். அந்த அளவு வேகம்கூட இல்லாதவர் 3 அயர்னைச் சுழற்றினால் பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரம் விழும். இன்னும் வேகமாக அடிக்கலாம் என்று முறுக்கும்போது திசையும் கெடும்.

இந்த மூன்றில் ஷாஃப்ட்டால் என்ன செய்ய முடியும்? வளைந்த ஸ்விங்கை அது நேராக்காது. ஆனால், முகத்தின் நடுவில் பந்தைப் பிடிக்க உதவும். பந்து எழும்பும் உயரத்தைக் கொஞ்சம் மாற்றும். முக்கியமாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுழற்ற உதவும். கையோடு ஒத்துப்போகாத ஷாஃப்ட் இந்த மூன்றையும் கெடுக்கும்.

மரத்திலிருந்து உலோகத்துக்கு

ஒரு காலத்தில் ஷாஃப்ட் என்றால் ஹிக்கரி மரம்தான். மரம் வளைவதோடு முறுக்கவும் செய்யும். ஒரு கம்பு போல இன்னொன்று இருக்காது. 1920-களில் அமெரிக்காவிலும், 1929-ல் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பாலும் ஸ்டீல் ஷாஃப்ட் அனுமதிக்கப்பட்டது. அதன்பிறகுதான் ஒரே குணமுள்ள கம்புகளை வரிசையாகச் செய்வது எளிதானது. மாஷி, நிப்லிக் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட கிளப்களுக்கு எண்கள் வந்தன. கிளப்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனதால், 1938-ல் அமெரிக்காவில் 14 என்ற வரம்பும் வந்தது.

1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ் ஆடியது ஹிக்கரி கிளப்களால். அவருடைய கிளப்களைப் பிற்காலத்தில் கருவி வைத்துச் சோதித்தபோது ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் பொருந்தி இருந்தன என்றும், பொருந்தாத அந்த ஒரு கிளப்தான் அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்தது என்றும் கோல்ஃப் உலகில் ஒரு கதை உலவுகிறது. கதையோ நிஜமோ, செட்டில் ஒரு கம்பு மட்டும் தனி குணத்தோடு இருந்தால் கை தடுமாறும் என்பது உண்மை.

எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடையில் ஷாஃப்ட் எடுத்தால் அதில் ஓர் எழுத்து இருக்கும். எல் என்றால் பெண்களுக்கு, ஏ என்றால் சீனியர், ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப், எக்ஸ் என்றால் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். இது ஃப்ளெக்ஸ், அதாவது கம்பு எவ்வளவு வளையும் என்பதன் குறியீடு.

சிக்கல் இரண்டு. முதலாவது, இந்த எழுத்துகளுக்கு எல்லோரும் ஏற்ற பொது அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் ‘ஆர்’ இன்னொரு கம்பெனியின் ‘எஸ்’ஸுக்குச் சமமாக இருக்கலாம். ரெடிமேட் சட்டையில் ஒரு பிராண்டின் ‘எம்’ இன்னொரு பிராண்டில் இறுக்கிப் பிடிப்பது போலத்தான்.

இரண்டாவது, கௌரவம். ‘சீனியர்’ என்று எழுதிய கம்பை யார் வாங்குவார்? 58 வயதுக்காரரும் 35 வயது நண்பரைப் பார்த்து ‘ஸ்டிஃப்’ வாங்குவார். டைகர் வுட்ஸ் பல ஆண்டுகள் ஆடிய டைனமிக் கோல்ட் எக்ஸ்100 என்ற பெயர் காதில் விழுந்தால் அதுவே வேண்டும் என்று தோன்றும். அந்தக் கம்பைச் சுழற்ற டைகரின் வேகம் வேண்டும் என்பது மறந்துவிடும்.

சிலம்பத்தில் கம்பை ஆளின் உயரத்துக்கு ஏற்றபடி அளந்துதான் தருவார்கள். ஆசான் வைத்திருக்கும் கம்பு பெரியது என்பதற்காக அதைச் சிறுவன் கையில் கொடுப்பதில்லை. கோல்ஃபுக்கும் அந்த அளவு பார்க்கும் புத்திதான் தேவை.

முதலில் எடை, பிறகுதான் எழுத்து

ஷாஃப்ட் தேர்வில் பலரும் கடைசியில் பார்ப்பது எடை. ஆனால், முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். கை உடனே உணர்வதும் அதைத்தான்.

ட்ரூ டெம்பர் கம்பெனியின் டைனமிக் கோல்ட் ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் 130 கிராம். ஜப்பானின் நிப்பான் ஷாஃப்ட் தயாரிக்கும் என்.எஸ்.புரோ 950ஜி.ஹெச் மாடலின் ரெகுலர், ஸ்டிஃப் வகைகள் 100 கிராமுக்கும் கீழ். அயர்னுக்கான கிராஃபைட் ஷாஃப்ட்கள் 50 கிராமிலிருந்து 100 கிராமுக்கு மேல் வரை பல எடைகளில் கிடைக்கின்றன.

எடை அதிகமாக இருந்தால் வேகம் குறையும். 12-வது குழிக்குப் பிறகு தோள் தளரும். லாங் அயர்னில் முகம் சரியான நேரத்தில் திரும்பி வராது. வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து தாழ்வாக, வலது பக்கமாகப் போகும். எடை மிகக் குறைவாக இருந்தால் கை அவசரப்படும். கிளப் தலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு பந்து நடுவில் படும், அடுத்தது நுனியில் படும்.

எனவே, 18 குழி முடியும்வரை களைப்பில்லாமல் சுழற்றக்கூடிய எடைகளில் அதிகமானது எதுவோ, அதிலிருந்து தேர்வைத் தொடங்கலாம். முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்கள் கிராஃபைட்டை முயன்று பார்க்கலாம். அடிபடும் அதிர்வு கைக்கு வருவதை அது குறைக்கும். வலி தொடர்ந்தால், ஷாஃப்ட் கடைக்கு முன் டாக்டரைப் பார்ப்பதே முறை.

பிறகு ஃப்ளெக்ஸ், வளைவு, முறுக்கு

ஃப்ளெக்ஸுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 150 யார்டு தூரத்துக்கு நீங்கள் எந்த அயர்னை எடுக்கிறீர்கள்? 5 அயர்ன் அல்லது அதைவிட நீளமானது என்றால் சீனியர். 6 அல்லது 7 என்றால் ரெகுலர். 8 என்றால் ஸ்டிஃப். 9 என்றால் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். தேடத் தொடங்கும் இடம் மட்டுமே இது, முடிவு அல்ல. இன்றைய அயர்ன் பலவற்றில் லாஃப்ட் குறைக்கப்பட்டிருக்கிறது. பழைய 7 அயர்னில் சுமார் 34 டிகிரி இருந்த லாஃப்ட், சில புதிய செட்களில் 30 டிகிரிக்கும் கீழ். அதனால் ‘நான் 8 அயர்னில் 150 அடிக்கிறேன்’ என்ற பெருமையை நம்பி எழுத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேகத்தை அளந்து பார்ப்பதே சரி.

ஒரே வேகம் உள்ள இருவருக்கும்கூட வெவ்வேறு கம்பு தேவைப்படலாம். மேலே போய் நிதானமாகத் திரும்பி வருபவருக்கு மென்மையான கம்பு பொருந்தும். உச்சியிலிருந்தே வெடுக்கென்று இழுப்பவருக்குக் கொஞ்சம் விறைப்பு தேவை.

அடுத்து, கம்பு எங்கே வளைகிறது என்பது. நுனிப் பகுதி விறைப்பாக இருந்தால் பந்து தாழ்வாகக் கிளம்பும். நுனி மென்மையாக இருந்தால் கொஞ்சம் உயரே எழும்பும். லாங் அயர்ன் மேலே எழும்பவில்லை என்பவர் நுனி மென்மையான ஷாஃப்ட்டை முயலலாம். ஏற்கெனவே உயரே போய்க் காற்றில் அலைகிறது என்பவருக்கு நேர்மாறானது.

மூன்றாவது டார்க், அதாவது கம்பு எவ்வளவு முறுக்கும் என்பது. டிகிரியில் சொல்வார்கள். எண் குறைந்தால் முறுக்கு குறைவு. ‘குறைந்த டார்க் என்றால் நேராகப் போகும்’ என்று விளம்பரம் சொல்லும். வேகமாக அடிப்பவருக்கு அது உதவலாம். மெதுவாகச் சுழற்றுபவருக்கு அந்தக் கம்பு மரக்கட்டை போலத் தோன்றும்.

செட் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்ல ஓர் எளிய கேள்வி போதும். ஷார்ட் அயர்ன் எப்படிப் போகிறது?

எல்லா அயர்னும் ஒரே பக்கம் போனால், பிரச்னை கிரிப்பிலோ ஸ்விங்கிலோ லை கோணத்திலோ இருக்கலாம். கம்பும் தலையும் சேரும் கோணமே லை. அது நிமிர்ந்து இருந்தால் வலது கை ஆட்டக்காரரின் பந்து இடது பக்கமும், படுத்து இருந்தால் வலது பக்கமும் போகும். லாஃப்ட் அதிகமுள்ள ஷார்ட் அயர்னில்தான் இதன் பாதிப்பு அதிகம். இதைச் சரிசெய்ய ஷாஃப்ட்டை மாற்ற வேண்டியதே இல்லை. பல அயர்ன்களில் கோணத்தை மட்டும் வளைத்துத் தருவார்கள்.

ஷார்ட் அயர்ன் நன்றாகப் போய், 3, 4 மட்டும் அடம்பிடித்தால் நான்கு வழிகள் உள்ளன.

ஒன்று, சாஃப்ட் ஸ்டெப்பிங். 3 அயர்னுக்கான ஷாஃப்ட்டை 4 அயர்ன் தலையில் பொருத்தி, கைப்பிடிப் பக்கம் வெட்டி நீளத்தைச் சரிசெய்வார்கள். அதே மாடல்தான், கொஞ்சம் மென்மை கூடும்.

இரண்டு, லாங் அயர்னுக்கு மட்டும் எடை குறையும் செட். ட்ரூ டெம்பரின் டைனமிக் கோல்ட் ஏ.எம்.டி வரிசையில் கிளப் நீளமாக நீளமாக ஷாஃப்ட் எடை சுமார் 3 கிராம் வீதம் குறைகிறது. லாங் அயர்னை எளிதாகச் சுழற்றலாம். ஷார்ட் அயர்னில் கட்டுப்பாடும் போகாது.

மூன்று, நீளத்தைக் குறைப்பது. அரை அங்குலம் குறைத்தால் நடுவில் பிடிப்பது சுலபமாகும். ஆனால், தலையின் கனம் கையில் குறைவாகத் தெரியும். ஸ்விங் வெயிட் என்ற அளவில் அது சுமார் 3 புள்ளிகள் இறங்கும். தேவைப்பட்டால் தலையில் எடை சேர்க்க வேண்டும். இந்த யோசனையை எல்லை வரை கொண்டுபோனவர் அமெரிக்காவின் பிரைசன் டிஷாம்போ. அவருடைய அயர்ன்கள் எல்லாமே ஒரே நீளம், சுமார் 7 அயர்ன் நீளம். அவற்றோடு 2020, 2024 என இரண்டு முறை யு.எஸ் ஓப்பன் பட்டத்தை வென்றிருக்கிறார்.

நான்கு, அந்தக் கிளப்புக்கே விடை கொடுப்பது. 2009 பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழி. டைகர் வுட்ஸோடு ஆடிக்கொண்டிருந்த தென் கொரியாவின் ஒய்.இ.யாங், 200 யார்டுக்கும் மேற்பட்ட தூரத்திலிருந்து பந்தைக் கொடிக்கு அருகில் இறக்கினார். ஆசியாவில் பிறந்த ஓர் ஆண் வீரர் மேஜர் பட்டம் வென்றது அதுவே முதல்முறை. அவர் கையில் இருந்தது லாங் அயர்ன் அல்ல, ஹைபிரிட். 4 அயர்னும் 5 அயர்னும் உங்களுக்கு ஒரே தூரம்தான் போகிறது என்றால், எந்த ஷாஃப்ட்டும் 4 அயர்னைக் காப்பாற்றாது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

* முதலில் பழைய கிளப்பைச் சோதியுங்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகத்தில் படும்படி அடியுங்கள். முகத்தில் மை எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். பத்து அடியில் மை எங்கெங்கோ சிதறி இருந்தால் எடை, நீளம், பயிற்சி என்ற வரிசையில் யோசியுங்கள்.

* 7 அயர்னில் மட்டும் சோதித்து முழு செட்டையும் வாங்காதீர்கள். தொல்லை தரும் 4 அயர்னிலும் அதே ஷாஃப்ட்டை அடித்துப் பாருங்கள்.

* ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் குறைந்தது பத்து பந்து. அதிக தூரம் போன ஒரு பந்தைப் பார்க்காதீர்கள். பத்தும் எவ்வளவு அகலத்தில் சிதறின என்று பாருங்கள். களைத்த பிறகு அடிக்கும் கடைசிப் பந்துகளுக்கு மதிப்பு அதிகம்.

* ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஆடிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு. பந்து அதிக தூரம் போகும், வளைவும் குறையும். அங்கே நேராகப் போன 4 அயர்ன் சமவெளியில் வளையலாம்.

* முதலில் ஒரே ஒரு கிளப்பில் மட்டும் ஷாஃப்ட்டை மாற்றி, சில வாரங்கள் ஆடுங்கள். ஒத்துவந்தால் மற்றவற்றை மாற்றலாம். கம்பு நுழையும் துளையின் அளவு எல்லாத் தலைகளிலும் ஒன்றல்ல. 0.355 அங்குலமா, 0.370 அங்குலமா என்று கேட்டு வாங்குங்கள்.

* வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அப்பாவுக்கு கோல்ஃப் செட் பரிசாக அனுப்ப நினைத்தால், முதலில் அவருடைய 7 அயர்ன் வேகத்தையும் உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த தவறான கம்பு, அவரை மைதானத்திலிருந்தே விரட்டிவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் கார்டில் நிரப்பும் கட்டங்களில் எண்ணுக்கு மட்டும்தான் இடம். ஷாஃப்ட்டில் என்ன எழுத்து இருந்தது என்று எழுத அதில் கட்டமே இல்லை. டோக்கியோவில் அதிதி எத்தனை ஹைபிரிட் வைத்திருந்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு ஷாட்டில் தவறிய பதக்கம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் அந்த ஒரு ஷாட்டை மிச்சம் பிடித்துத் தரும் கம்பு ‘சீனியர்’ என்றால், தயங்காமல் அதையே எடுங்கள்!